மூணே வாரத்துல ஜிம்மை விட்டுட்டீங்களா? பக்கத்து ஊர் கே.வி.ஐயர் கதையைக் கேளுங்க!

சம்பளம் வந்த வாரம். பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு ஜிம்மில் மூணு மாசத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டுறீங்க. புது ஷூ, புது பாட்டில், செம உற்சாகம். முதல் வாரம் தினமும் ஆஜர். ரெண்டாவது வாரம் ஷிஃப்ட் மாறுது. மூணாவது வாரம் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்தா, கண்ணைத் திறக்கவே முடியல. அப்புறம் ஜிம் பேக் கதவுக்குப் பின்னாலேயே தொங்கிக்கிட்டு இருக்கு.

சிப்காட் பக்கம் வேலை பார்க்கிற பலருக்கும் இது பழகிய கதைதான். `நமக்கெல்லாம் இது செட் ஆகாது' என்று நம்மையே திட்டிக்கொண்டு விட்டுவிடுவோம். போன பணத்தைவிட, `என்னால முடியாது' என்று மனதில் பதிந்துபோவதுதான் பெரிய நஷ்டம். உண்மையில் பல நேரங்களில் கோளாறு உங்களிடம் இல்லை, நீங்கள் வைத்த இலக்கில்தான் இருக்கிறது. `பாடி ஏத்தணும்' என்பது ஆசை. எப்போது, எவ்வளவு என்று அதில் ஒன்றுமே இல்லையே!

இந்த விஷயத்தில் ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் தெளிவாக இருந்தார். அவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். ஓசூரிலிருந்து பாகலூர், மாலூர் வழியாகப் போனால் கோலார். அந்த மாவட்டத்தில் பிறந்து, பெங்களூரில் வாழ்ந்து, இந்தியாவின் நவீன உடற்பயிற்சிக்கு வழிபோட்டவர்களில் ஒருவரான கே.வி.ஐயர். `கே' என்பது கோலார், `வி' என்பது வெங்கடேச.

சாண்டோ அலையில் வந்தவர்

19-ம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பிறந்தவர் ஐயர். அவருடைய சின்ன வயதில், உலகப் புகழ்பெற்ற பலசாலி யூஜின் சாண்டோ இந்தியாவுக்கு வந்து, ஊர் ஊராக மேடையேறினார். அது 1904-05 காலகட்டம். சாண்டோவின் பெயர் இங்கே எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கு நம் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரே சாட்சி. உடற்பயிற்சியில் தேர்ந்தவர் என்றாலே `சாண்டோ' என்று அழைத்த காலம் அது.

அந்த அலையில் வளர்ந்த ஐயர், 1920-களில் பெங்களூரில் ஹெர்குலிஸ் ஜிம்னேஷியத்தை நடத்தினார். பார்பெல், டம்பெல் மேல்நாட்டு வழி. தண்டால், பஸ்கி, சூரிய நமஸ்காரம், ஆசனம் நம் வழி. இரண்டில் எது உசத்தி என்ற சண்டைக்கே அவர் போகவில்லை. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். யோகாச்சாரியார் சுந்தரம் அவருக்கு நெருங்கிய நண்பர். 1930-ல் `மஸில் கல்ட்', 1936-ல் `பெர்ஃபெக்ட் ஃபிசீக்', 1937-ல் சூரிய நமஸ்காரம் பற்றி ஒரு நூல் என ஆங்கிலத்தில் எழுதினார். செதுக்கி வைத்தாற்போன்ற அவருடைய உடலின் புகைப்படங்கள் வெளிநாட்டு உடற்பயிற்சி இதழ்கள் வரை போயின.

தபாலில் ஒரு ஜிம்!

நமக்குப் பாடமாக இருப்பது அவர் செய்த இன்னொரு வேலை. ஐயர் தபால் வழியாகவும் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். ஆன்லைன் கோச்சிங்குக்குத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

யோசித்துப் பாருங்கள். வீடியோ கால் கிடையாது, வாட்ஸ்அப் கிடையாது. எங்கோ இருக்கும் ஒருவர், தான் ஒழுங்காகச் செய்கிறோமா, முன்னேறுகிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வார்? பக்கத்தில் நின்று தட்டிக்கொடுக்க ஆள் இல்லை. அவருக்கு இன்ச் டேப்பும் எண்களும்தான் துணை. மார்பு, புஜம், தொடை, இடுப்பு அளவுகளைக் குறித்துவைப்பது அந்தக் காலத்து உடற்பயிற்சியாளர்களிடம் ஊறிப்போன பழக்கம். போன மாதத்தை இந்த மாதத்தோடு ஒப்பிட்டால் போதும், வேறு யாரோடும் போட்டி இல்லை. இன்று நாம் இன்ஸ்டாகிராமில் பார்க்கும் ஆளோடு நம்மை ஒப்பிட்டு மனசு விட்டுப்போகிறோமே, அதற்கு நேர் எதிரான பழக்கம் இது.

மகாராஜாவுக்கு ஓர் இலக்கு

ஐயர் கட்டுடல் இளைஞர்களுக்கு மட்டும் வாத்தியாராக இருக்கவில்லை. பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு உடற்பயிற்சி மூலம் சிகிச்சை அளித்தார். 20 வயதுப் பையனுக்கு நெஞ்சு விரிவது இலக்கு என்றால், படுத்துக் கிடந்தவருக்குக் கை அசைவது இலக்கு. ஆளுக்கு ஆள் இலக்கு மாறும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. 1940-ல், மகாராஜாவின் ஆதரவோடு பெங்களூரில் ஐயரின் வியாயாமசாலை எழுந்தது.

சிற்பி எழுதிய சிற்பி கதை

உடலே உலகம் என்று வாழ்ந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். கன்னட நாடக மேதை டி.பி.கைலாசத்தின் நண்பரான ஐயர், நாடகக் குழு நடத்தினார், நாவல்கள் எழுதினார். ஹொய்சள அரசியைப் பற்றிய `சாந்தலா'வும், `ரூபதர்ஷி'யும் கன்னட வாசகர்கள் மறக்காத நாவல்கள்.

`ரூபதர்ஷி'யில் ஒரு கலைஞர், குழந்தை ஏசுவுக்கு மாடலாக ஓர் அழகான சிறுவனைத் தேர்ந்தெடுக்கிறார். பல வருடங்கள் கழித்து, யூதாஸுக்கு ஏற்ற கொடூர முகம் ஒன்றைத் தேடிப் பிடிக்கிறார். அது அதே சிறுவன் என்று தெரியவருகிறது. நாம் வாழும் விதத்துக்கு ஏற்ப உருவம் மாறிக்கொண்டே இருக்கிறது. முழுமையான உடல் பற்றிப் புத்தகம் போட்ட மனிதரே இதை எழுதினார் என்பதுதான் விசேஷம். உடம்பை ஒருமுறை `ஏத்தி' முடித்துவிட முடியாது. ஓர் இலக்கு முடிந்தால் அடுத்தது வேண்டும்.

1980-ல், 80 வயதைக் கடந்த பிறகு ஐயர் மறைந்தார்.

சரி, நீங்க எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

ஐயரின் வாழ்க்கையையும் இன்றைய பயிற்சி முறையையும் சேர்த்துப் பார்த்தால், நமக்கு உதவக்கூடியவை இவை:

* எண்ணும் தேதியும் வேண்டும்: `வெயிட் தூக்கணும்' என்பதை, `40 கிலோவில் செய்யும் ஸ்க்வாட்டை 12 வாரத்தில் 50 கிலோவுக்குக் கொண்டுபோகணும்' என்று மாற்றுங்கள். ஒரே எடையில் சொன்ன எண்ணிக்கையைச் சுலபமாக முடிக்க முடிந்தால், அடுத்த முறை ஒன்றிரண்டு கிலோ மட்டும் கூட்டுங்கள்.

* முதல் மாதம் கண்ணாடியை நம்பாதீர்கள்: ஆரம்பத்தில் தூக்கும் எடை கூடுவதற்கு முக்கியக் காரணம், தசைகளை இயக்க நரம்பு மண்டலம் பழகிக்கொள்வதுதான். தசை வளர்ந்து கண்ணுக்குத் தெரிய சில மாதங்கள் ஆகும். பலர் விட்டுவிடுவது இந்த இடைவெளியில்தான். அதுவரை எடையையும் எண்ணிக்கையையும் பாருங்கள்.

* வாரக் கணக்கு வையுங்கள்: ஷிஃப்ட் மாறுபவர்களுக்கு `தினமும் காலை 6 மணி' என்பது தோற்கப்போகும் இலக்கு. `வாரத்தில் 3 நாள், எந்த நேரமானாலும்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

* ஒரு குறைந்தபட்ச இலக்கும் இருக்கட்டும்: நைட் ஷிஃப்ட் வாரத்தில் தூக்கம்தான் முதலில். ஓய்வில்தான் தசை தேறும். ஜிம்முக்குப் போக முடியாத நாளில் ரூமிலேயே 15 நிமிடம் தண்டால், பஸ்கி போதும். பழக்கம் அறுந்துபோகாது.

* மாதம் ஒருமுறை டேப்: நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். தினமும் அளந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

* உடம்பு சொல்வதைக் கேளுங்கள்: பி.பி, சுகர், முதுகுவலி இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். மூட்டில் சுருக்கென்று வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

அடுத்த மாதச் சம்பளத்தில் புது ஷூ எல்லாம் வேண்டாம். ஒரு 40 பக்க நோட்டும் ஒரு இன்ச் டேப்பும் வாங்குங்கள். முதல் பக்கத்தில் இன்றைய தேதியையும் அளவுகளையும் எழுதுங்கள். அப்புறம், கதவுக்குப் பின்னால தொங்குற அந்த பேக்கை எடுங்க!