சிவசமுத்திரத்து மின்சாரமும் திவான் சேஷாத்ரி ஐயரும்

மைசூரில் சேஷாத்ரி ஐயர் சாலையில் தினமும் நடந்துபோகும் நம்மவர்களில் பலருக்கு, அவர் பாலக்காட்டுத் தமிழர் என்பது தெரியாது. 1845-இல் பிறந்தவர். 1868-இல் மைசூர் சமஸ்தான உத்தியோகத்தில் சேர்ந்தார். 1883 முதல் 1901 வரை திவான்.

சிவசமுத்திரத்தில் அருவியாக விழும் காவிரியிலிருந்து மின்சாரம் எடுத்து, 92 மைல் தள்ளியிருக்கும் கோலார் தங்கவயலுக்கு அனுப்பலாம் என்ற யோசனை அவர் காலத்தில் எழுந்தது. 1896-இல் நயாகராவிலிருந்து பஃபலோ நகருக்கு மின்சாரம் போனதையே உலகம் அதிசயமாகப் பேசிய நேரம் அது. அந்தத் தூரமோ 20 மைல் சொச்சம்தான்! கணக்குத் தப்பினால் கஜானாப் பணம் கம்பியோடு போய்விடும்.

ஐயர் காகிதத் திட்டத்தை மட்டும் நம்பிவிடவில்லை. சமஸ்தானத்தின் துணைத் தலைமை என்ஜினீயர் லோத்பினியேரை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பி, அங்கு நடந்துவந்த மின் நிலையங்களை நேரில் பார்த்துவரச் செய்தார். அதோடு விடவில்லை. மின்சாரத்தை வாங்கிக்கொள்ளத் தங்கச் சுரங்கக் கம்பெனிகளோடு ஒப்பந்தமும் ஆயிற்று. வாங்க ஆளைப் பிடித்துவிட்டுச் சரக்கு தயாரிப்பது கைதேர்ந்த வியாபாரியின் வேலை. திவான்களிடம் அது அபூர்வம்.

இயந்திரங்கள் கடல் கடந்து வந்தன. கனமான பாகங்களை யானைகள் இழுத்தன.

உடல் நலிந்த ஐயர் 1901 மார்ச்சில் ஓய்வு பெற்று, செப்டம்பர் 13-ஆம் தேதி காலமானார். 1902 ஜூன் 30-ஆம் தேதி மின்சாரம் தங்கவயலை எட்டியது. அந்தச் சுரங்கங்களில் இறங்கி உழைத்தவர்களில் வட ஆற்காட்டுத் தமிழர்கள் ஏராளம். பெங்களூரில் 1905-இல் விளக்கு எரிந்தது. மைசூர் நகரம் 1908 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.