தாஜ் ஓட்டலில் டிரம்பெட் ஊதிய சிக் சாக்லெட்

பம்பாய் தாஜ்மகால் ஓட்டலில் வெள்ளைக்காரர்களும் சமஸ்தான ராஜாக்களும் ஜோடி ஜோடியாக ஆடிய காலம் ஒன்று உண்டு. அவர்களை ஆட வைத்தவர்களில் ஒருவர் கோவா கிராமத்துக்காரர். அவர்தான் சிக் சாக்லெட்.

இது மேடைப் பெயர். பெற்றோர் வைத்த பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். 1916-ல் கோவாவில் அல்டோனா என்ற ஊரில் பிறந்தார். அப்போது கோவா போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்தது.

அங்கே மாதா கோவில் பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் கற்றுக் கொடுப்பார்கள். நம் ஊர்போல் கேட்டுக் கேட்டுப் பாடம் செய்வதல்ல. ஐந்து கோடு போட்ட தாளில் ஸ்வரங்களை எழுதி, அதைப் பார்த்து வாசிக்கும் முறை. பிழைப்புத் தேடி பம்பாய்க்கு வந்த கோவாக்காரர்கள் பலருக்கு இந்தப் படிப்பே சோறு போட்டது. ஓட்டல், கப்பல், ஊமைப்படக் கொட்டகை எல்லாவற்றிலும் அவர்கள் வாசித்தார்கள்.

தோபி தலாவில் கிராமத்துக்கு ஒரு விடுதி வைத்துக் கூட்டாகத் தங்கினார்கள். தாராவியிலும் மாட்டுங்காவிலும் ஊர்க்காரர் அறையில் பாய் விரித்துப் படுத்து வேலை தேடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்கக் காற்று

1935-ல் அமெரிக்கக் கறுப்பரான லியோன் ஆபி தன் குழுவுடன் தாஜ் ஓட்டலுக்கு வந்தார். பின்னர் கிரிக்கெட் ஸ்மித், டெடி வெதர்போர்டு ஆகியோரும் வந்து வாசித்தார்கள். ஜாஸ் என்ற புது இசை கோவா இளைஞர்களைப் பிடித்துக்கொண்டது. சிக், அமெரிக்காவின் லூயி ஆம்ஸ்ட்ராங்கை மானசீக குருவாகக் கொண்டார். வாசிப்பிலும் கரகரத்த குரலிலும் அவரையே பின்பற்றினார். இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங் என்று பெயர் வந்தது. தாஜ் ஓட்டலில் சொந்தக் குழுவையே நடத்தினார்.

1950-ல் பம்பாயில் முழு மதுவிலக்கு வந்தது. ஓட்டல் வாத்தியக்காரர்களின் பிழைப்பில் அடி விழுந்தது. பலருக்குக் கை கொடுத்தது சினிமா.

பெயர் எங்கே?

இந்திப் பட இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டைப் போடுவார். வயலின் எங்கே இழைய வேண்டும், டிரம்பெட் எங்கே புகவேண்டும் என்று ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாள் எழுதியவர்கள் பெரும்பாலும் கோவாக்காரர்கள். பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கும். எழுதியவர் பெயர் ரசிகருக்குத் தெரியாது. கூலி கிடைத்தது, புகழ் கிடைக்கவில்லை. இது நியாயமான பங்கீடு அல்ல.

சிக், இசையமைப்பாளர் சி. ராம்சந்திராவுக்கு உதவியாளராகச் சேர்ந்தார். நம்மவர்களுக்கு ராம்சந்திரா அந்நியர் அல்ல. 1941-ல் தவமணி தேவி நடித்த 'வனமோகினி'க்கும், 1958-ல் வந்த 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்துக்கும் அவர்தான் இசை. 'வனமோகினி'யை டைரக்ட் செய்த பகவான், 1951-ல் 'அல்பேலா' என்ற இந்திப் படத்தை எடுத்தார். ராம்சந்திராவின் மெட்டும் சிக்கின் மேற்கத்திய வாத்திய ஜோடனையும் சேர்ந்து, அதன் பாட்டுகளை மூலை முடுக்கெல்லாம் கொண்டுசென்றன. அதில் சுருக்கு வைத்த கையுடன் கூடிய சட்டை போட்டுக்கொண்டு சிக்கின் குழுவே திரையில் தோன்றியது.

அதே ஆண்டு 'நாதான்' படத்துக்குத் தனியாக இசையமைத்தார். அடுத்த ஆண்டு 'ரங்கீலி'. 1956-ல் நிசார் பஸ்மியுடன் சேர்ந்து 'கர் பலா'. திறமை இருந்தும் அந்த வரிசை நீளவில்லை.

1966-ல் ராஜேஷ் கன்னா நடித்து, சேத்தன் ஆனந்த் டைரக்ட் செய்த 'ஆக்ரி கத்' வெளிவந்தது. அதில் இரவு விடுதிப் பாட்டு ஒன்றில் டிரம்பெட்டுடன் வருகிறார் சிக். மறு ஆண்டு மே மாதம் அவர் காலமானார்.