தந்தையின் விருப்பம்

1948-ம் ஆண்டு யூலை 31-ம் திகதி என்றதும் எமது பெரியோருக்கு டங்கன் வைற்றின் பெயரே நினைவுக்கு வரும். சுதந்திரமடைந்து ஆறு மாதமும் நிறையாத இலங்கைக்கு, இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் அவர் வெள்ளிப்பதக்கம் வென்ற நாள் அது. அதே நாளில், நகரையடுத்த இல்ஃபோட் மைதானத்தில், சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் உதைபந்தாட்டக் குழு பிரான்சுடன் மோதிக்கொண்டிருந்தது. அதன் தலைவர்தான் தாலிமெரன் ஆவோ. வியப்பைப் பாருங்கள்: இருவரும் பிறந்தது 1918-ல், இருவரும் இறந்ததும் 1998-ல்!

ஆவோ, நாகா மலையிலுள்ள சாங்கி என்னும் சிற்றூரில் பப்திஸ்து சபைப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். மகன் வைத்தியனாகித் தன் மக்களுக்குப் பணிபுரிய வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகன் பள்ளியிற் படிக்கும்போதே தந்தையை நச்சுக்காய்ச்சல் கொண்டுபோயிற்று.

கவுகாத்தியின் கொட்டன் கல்லூரியில் அவர் உதைபந்தாட்டத்தில் மட்டுமல்ல, மெய்வல்லுநர் போட்டிகளிலும் முன்னணியில் நின்றார். 1942-ல் கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி மாணவரானார். அடுத்த ஆண்டே புகழ்பெற்ற மோகன் பகான் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. காலையில் பிணவறுவை மேசை, மாலையில் மைதானம் என்றால் படிப்பு என்னாகும் என்று பெற்றோராகிய நீங்கள் கேட்பீர்கள். இழுபட்டதுதான்! பட்டம் கைக்கு வந்தது 1950-ல்.

இலண்டனில் அணிவகுப்பின் முன்னே இந்தியக் கொடியைச் சுமந்தவரும் அவரே. பிரான்சுடனான ஆட்டத்தில் இந்தியரிற் பெரும்பாலானோர் சப்பாத்தில்லாமலே ஆடினர். எங்கள் வெட்டைகளில் வெறுங்காலோடு பந்தடித்து வளர்ந்தவர்களுக்கு அது புதினமல்ல. ஆங்கிலேயருக்கோ பெரும் புதினம். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்துச் சமப்படுத்தினார். ஆனால் கிடைத்த இரண்டு தண்ட உதைகளும் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு இன்னொன்றைப் போட்டு 2-1 என வென்றது. அந்த இரண்டில் ஒன்றாவது உள்ளே போயிருந்தால் என்று இன்றும் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது.

அப்புகழோடு கல்கத்தாவிலேயே சுகமாயிருந்திருக்கலாம். அவர் இருக்கவில்லை. அசாமின் திப்ருகாரில் அரச வைத்தியராகச் சேர்ந்து, பின் தன் சொந்த மலைநாட்டின் கோகிமாவுக்குப் போனார். 1963-ல் நாகாலாந்து தனி மாநிலமானபோது அதன் சுகாதார சேவைப் பணிப்பாளரானார். 1978-ல் ஓய்வு பெறும்வரை அப்பதவியிலேயே இருந்தார்.