வெயில், ரெண்டு லென்ஸ், ராமன்

பிப்ரவரி 28 வந்தாலே தேசிய அறிவியல் தினம்னு காலேஜ் காலேஜா க்விஸ் நடக்கும், போஸ்டர் ஒட்டுவாங்க. தலைப்பாகை கட்டிய ராமன், பின்னாடி நீலக் கடல். ஆனா 1928-ல் அந்த நாளில் அவர் பார்த்தது கடலை இல்லை.

1888-ல் திருச்சி திருவானைக்காவலில் பிறந்தவர். மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜில் எம்.ஏ. முடித்துவிட்டு 1907-ல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போனார். பகல்ல அரசாங்கக் கணக்கு. ஆபீஸுக்கு முன்னாடியும் பின்னாடியும் பௌபஜார் தெருவில் ஒரு சங்கத்தின் லேபில் ஆராய்ச்சி. பத்து வருஷம் இப்படியே ஓடியது. 1917-ல் சம்பளம் குறையும்னு தெரிஞ்சே பேராசிரியர் வேலைக்கு மாறினார். (பிளேஸ்மென்ட் சீசனில் இதை வீட்டில் சொல்லிப் பாருங்க!)

கடல் கதையும் உண்மைதான். 1921 கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தவர், தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்குதுன்னு காட்டினார். அடுத்த கேள்வி: சிதறும்போது ஒளியின் நிறம் மாறுமா?

சிக்கல் என்னன்னா, நிறம் மாறி வருவது ஏறக்குறைய கோடியில் ஒரு போட்டான். லேசர் வர இன்னும் 32 வருஷம் இருக்கு. அதனால் கல்கத்தா வெயிலை 18 செ.மீ. அகல டெலஸ்கோப் லென்ஸால் குவித்து, இன்னொரு லென்ஸால் மறுபடி குவித்து, தூசி நீக்கிய திரவத்திலோ ஆவியிலோ பாய்ச்சினார்கள். வெயில் வரும் வழியில் நீல-ஊதா ஃபில்டர். பார்க்கும் பக்கம் அந்த நிறத்தைத் தடுக்கும் மஞ்சள்-பச்சை ஃபில்டர். நியாயமா இருட்டுதான் தெரியணும். மங்கலா ஒரு ஒளித்தடம் தெரிஞ்சது. டிடெக்டர்? வெறும் கண்ணுதான். ஆவியில் மூலக்கூறுகள் குறைவு, அங்கே இன்னும் மங்கல்.

இருட்டறையில் உட்கார்ந்து பார்த்ததில் பெரும்பங்கு வத்திராயிருப்புக்காரர் கே.எஸ். கிருஷ்ணனுடையது. 'நேச்சர்' இதழில் வந்த முதல் குறிப்பில் ரெண்டு பேர் பெயரும் உண்டு. 1930 நோபல் பரிசு ராமனுக்கு மட்டும். நம்ம போஸ்டரிலாவது கிருஷ்ணனைச் சேர்க்கலாம்.

ராமன் பெங்களூரில் இறந்தது 1970 நவம்பர் 21. அதற்குள் லேசர் வந்து, அதன் ஒளியில் இந்த மங்கல் விளைவே பிரமாதமாப் பெருகுதுன்னு 1962-ல் கண்டுபிடித்துவிட்டார்கள். ஹைட்ரஜன் வாயுவிலும் அடுத்த வருஷமே பார்த்தாச்சு.

இன்னைக்குக் காற்றில் ஒரு ஃபெம்டோசெகண்ட் பல்ஸை அனுப்பினா கதையே வேற. நைட்ரஜன் மூலக்கூறு சின்னக் குச்சி மாதிரி. பல்ஸின் மின்புலம் அதைத் தன் திசைக்குத் திருப்பப் பார்க்கும். குச்சி உடனே திரும்பாது, கொஞ்சம் லேட்டாகும். அதனால் முன்பகுதி மாற்றிவிட்ட காற்றில்தான் பல்ஸின் பின்பகுதி போகும். நிறம் சிவப்புப் பக்கம் நகரும். இழந்த ஆற்றல் மூலக்கூறுகளின் சுழற்சிக்குப் போயிருக்கும். பல்ஸ் கடந்துபோன பிறகும் சுமார் 8.4 பிகோசெகண்டுக்கு ஒருமுறை அந்தக் குச்சிகள் மறுபடி வரிசை கட்டும். அந்த நேரம் பார்த்து இன்னொரு பல்ஸை அனுப்பினா அதன் நிறமும் மாறும்.