மின்சாரம் படித்துவிட்டுத் தமிழில் சொன்னவர்



போன மாதம் எங்கள் கிணற்று மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு. மல்லாட்டைக்குத் தண்ணி பாய்ச்ச முடியல. காயில் கட்டிக்கொண்டு வர நாலு நாள் ஆச்சு. செடி வாடியதைப் பார்த்து அப்பா சரியாகவே சாப்பிடவில்லை. ஏன் எரிந்தது என்று இயற்பியல் சாரிடம் கேட்டேன். மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால், மோட்டார் மற்ற இரண்டிலும் அதிகக் கரண்ட் இழுக்கும், அதனால் காயில் சூடாகி எரியும் என்று தமிழிலேயே விளக்கினார். உடனே புரிஞ்சது! அறிவியலை இப்படித் தமிழில் சொல்வதற்காக உழைத்த ஒரு பொறியாளரைப் பற்றியும் சார் சொன்னார். அவர்தான் டாக்டர் ஜி.ஆர்.தாமோதரன்.

அவர் பிறந்தது 1914-ல். கோவை பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பம். 1926-ல் அந்தக் குடும்பத்தில் நான்கு சகோதரர்கள் பாகம் பிரித்தார்கள். அப்போது சொத்தை நாலாகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தார்களாம். ஐந்தாவது பங்கு யாருக்குத் தெரியுமா? தர்மத்துக்கு! அதுதான் பி.எஸ்.ஜி. அறநிலையம். நம்ம ஊரில் வரப்புக்கே சண்டை வருது, நினைச்சுப் பாருங்க.

1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. அந்தக் கரண்ட் வந்த பிறகுதான் கோவையில் மில்லும் மோட்டாரும் பெருகின. அப்போது தாமோதரனுக்கு 18 வயது. பிறகு அவர் இங்கிலாந்து போய் மின் பொறியியல் படித்தார். படித்தவர் அங்கேயே தங்கிவிடாமல் ஊருக்குத் திரும்பினார்.

1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. அதன் முதல் முதல்வர் இவர்தான். கல்லூரிக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை. மோட்டாரும் பம்பும் செய்கிற இடம். புத்தகத்தில் படிப்பதைப் பட்டறையிலும் பார்க்கலாம். 1952-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் பொள்ளாச்சித் தொகுதியிலிருந்து மக்களவைக்கும் போனார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இனிமேல்தான் வருது. 1940-களின் கடைசியிலேயே ‘கலைக்கதிர்’ என்ற அறிவியல் மாத இதழைத் தமிழில் தொடங்கினார். அப்போது அறிவியல் என்றாலே இங்கிலீஷ்தான். பல கருவிகளுக்குத் தமிழில் பெயரே கிடையாது. ஒவ்வொரு சொல்லையும் தேடி, உருவாக்கித்தான் எழுதணும். வெளிநாட்டில் படித்தவருக்கு அந்தக் கஷ்டம் தேவையே இல்லை. ஆனாலும் செய்தார்.

1978 முதல் 1981 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். அது 1857-ல் தொடங்கிய பல்கலைக்கழகம். நம்ம திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரியும் அப்போது அதைச் சேர்ந்ததுதான். 1986-ல் அவர் காலமானார்.

நண்பர்களே, தமிழ் மீடியம் என்றால் இன்ஜினியரிங் வராது என்று நம்மிடம் நிறையப் பேர் சொல்றாங்க. நானும் பயந்தேன். இப்போ பயம் குறைஞ்சிருக்கு. இங்கிலீஷையும் கட்டாயம் படிப்போம். ஆனால் ஒரு விஷயம் புரிந்தால்தான் அது நம்முடையது. புரிஞ்சதை அப்பா அம்மாவுக்கும் புரியும்படி சொல்லணும்.

மோட்டார் ஏன் எரிந்தது என்று அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். கடைசி வரை கேட்டார். மறுநாள் மெக்கானிக்கிடம், ஒரு பேஸ் போனால் மோட்டார் தானாக நிற்கிற மாதிரி ஏதாவது மாட்ட முடியுமா என்று அவரே கேட்டார்!

– பத்தாம் வகுப்பு மாணவன்