மக்கள் மனத்தை அளந்தவர்

ஒரு நாட்டில் கோடிக்கணக்கான மக்கள் வாழ்கின்றனர். நாட்டு நடப்பைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து உண்டு. அனைவரையும் கேட்டறிவது இயலாத செயல். அப்படியானால், மக்களின் எண்ணத்தை எவ்வாறு அறிவது? இக்கேள்விக்கு விடை தேடுவதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஜார்ஜ் கேலப்.

கேலப் 1901ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள ஜெஃபர்சன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அயோவா பல்கலைக்கழகத்தில் பயின்றபோது மாணவர் நாளிதழின் ஆசிரியராக இருந்தார். நாளிதழில் மக்கள் உண்மையில் எவற்றைப் படிக்கிறார்கள் என்பதையே தம் முனைவர் பட்ட ஆய்வுக்கும் எடுத்துக்கொண்டார். 1932ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். 1935ஆம் ஆண்டு, மக்களின் கருத்தைக் கண்டறிந்து நாளிதழ்களுக்கு வழங்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டே அவருக்குப் பெரும் சோதனை வந்தது. அப்போது அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து லேண்டன் போட்டியிட்டார். 'லிட்டரரி டைஜெஸ்ட்' என்னும் வார இதழ் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலட்டைகளை அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினர். லேண்டனே வெல்வார் என இதழ் அறிவித்தது. அவ்விதழ் முந்தைய நான்கு தேர்தல்களிலும் வெற்றியாளரைச் சரியாகக் கணித்திருந்தது. ஆகவே, பலரும் அதை நம்பினர்.

கேலப் கேட்டறிந்ததோ ஏறத்தாழ 50,000 பேரிடம்தான். ஆயினும், ரூஸ்வெல்ட்டே வெல்வார் என்று துணிந்து கூறினார். தம் கணிப்பு அவ்விதழின் கணிப்பைவிடத் தவறாகிவிட்டால் நாளிதழ்கள் செலுத்திய பணத்தைத் திருப்பித் தருவதாகவும் உறுதியளித்தார். கணிப்புப் பொய்த்தால் அவருடைய நிறுவனமே மூழ்கிவிடும் நிலை. தேர்தலில் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றினார்.

இருபது இலட்சம் பேரின் பதில் பொய்த்தது ஏன்? அவ்விதழ் தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியல்களிலிருந்தும் பெயர்களை எடுத்திருந்தது. பொருளாதார மந்தம் நிலவிய அக்காலத்தில் ஏழைகள் பலரிடம் இவை இரண்டுமே இல்லை. அதனால், அவர்களின் குரல் போதுமான அளவு கேட்கப்படவில்லை. மேலும், அட்டை கிடைத்தவர்களில் பெரும்பாலோர் பதிலே அனுப்பவில்லை. கேலப்போ செல்வர், ஏழை, நகரத்தார், உழவர் எனப் பல தரப்பினரையும் தேடிச் சென்று கேட்கச் செய்தார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆனால், பானையை நன்றாகக் கிளறிய பிறகே அந்த ஒரு சோற்றை எடுக்க வேண்டும் அல்லவா?

வெற்றி கண்ட கேலப் தோல்வியையும் சந்தித்தார். 1948ஆம் ஆண்டுத் தேர்தலில் டூயி வெல்வார் என்று அவர் கணித்தார், ட்ரூமன் வென்றார். பலரும் அவரை எள்ளி நகையாடினர். கேலப் மனம் தளரவில்லை. பிழையின் காரணத்தை ஆராய்ந்தார். தேர்தலுக்கு வெகு முன்னதாகவே கருத்துக் கேட்பதை நிறுத்தியது ஒரு குறை. யாரைக் கேட்பது என்பதை ஆய்வாளர்களின் விருப்பத்துக்கு விட்டது மற்றொரு குறை. அதன்பின், தேர்தல் நெருங்கும்வரை கருத்துக் கேட்டார். யாரைக் கேட்பது என்பதையும் குலுக்கல் போன்ற முறையில் முடிவுசெய்யத் தொடங்கினார்.

அரசியல் கட்சிகளின் பணத்தைப் பெற்றுக் கருத்துக்கணிப்பு நடத்த கேலப் மறுத்தார். மக்களின் எண்ணத்தை அளப்பவர் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்பது அவரது கொள்கை. 1984ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் அவர் காலமானார்.

தேர்தல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகிறது. இடைப்பட்ட காலத்திலும் எளிய மக்களின் குரல் ஆட்சியாளர்களின் செவிக்கு எட்ட வேண்டும் என்று கேலப் விரும்பினார். எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட, யாரையெல்லாம் கேட்காமல் விட்டோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவரது வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.