ஜெஃப்ரி ஹாரிஸ்

ஜெஃப்ரி விங்ஃபீல்ட் ஹாரிஸ் (ஜூன் 4, 1913 - நவம்பர் 29, 1971) ஓர் ஆங்கிலேய உடலியங்கியலாளர் ஆவார். விலங்குகளின் இனப்பெருக்க இயக்குநீர்கள் (ஹார்மோன்கள்) சுரப்பதை மூளையே நெறிப்படுத்துகின்றது என்பதை நிறுவியவர். நரம்பு நாளமில்லாச் சுரப்பியியல் துறையின் தந்தை எனக் கருதப்படுகின்றார்.

தொடக்க ஆய்வுகள்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஹாரிஸ், முயலின் மூளையிலுள்ள ஹைப்போதலாமசை மின்சாரத்தால் தூண்டினால் சூலகத்திலிருந்து முட்டை வெளியேறுவதை 1937 இல் காட்டினார். சூலகத்தை இயக்குவது பிட்யூட்டரி சுரப்பியின் முன்மடல். ஆனால் அம்மடலுக்கு மூளையிலிருந்து செல்லும் நரம்புகள் மிகச் சிலவே. அவ்வாறாயின் மூளையின் கட்டளை எவ்வழியே செல்கின்றது என்ற வினா எழுந்தது. இரண்டையும் இணைக்கும் நுண்ணிய வாயில் குருதிக்குழாய்களின் வழியே வேதிப்பொருள்கள் செல்கின்றன என்பது ஹாரிசின் கருத்து.

எதிர்ப்பும் சான்றும்

புகழ்பெற்ற உடற்கூற்றியலாளர் சோலி சக்கர்மேன் இதனை ஏற்கவில்லை. இக்குழாய்களை வெட்டிய பின்னரும் ஃபெரட் என்னும் விலங்கில் இனப்பெருக்கச் செயற்பாடு தொடர்ந்ததாக அவர் வாதிட்டார். வெட்டப்பட்ட குழாய்கள் மீண்டும் வளர்ந்துவிடும் என்பதை ஹாரிஸ் முன்னரே எலிகளில் கண்டிருந்தார். இடையே ஒரு தடுப்புத் தகட்டை வைத்து அவ்வளர்ச்சியைத் தடுத்தபோது இனப்பெருக்கச் செயற்பாடு நின்றது.

1952 இல் டோரா ஜேக்கப்சோனுடன் இணைந்து அவர் செய்த சோதனை முதன்மையானது. பிட்யூட்டரி நீக்கப்பட்ட எலிகளுக்கு வேறு பிட்யூட்டரி திசு பொருத்தப்பட்டது. ஹைப்போதலாமசின் அடியில் பொருத்தியபோது இனப்பெருக்கச் சுழற்சி மீண்டது. சில எலிகள் கருவுற்றன. மூளையின் வேறொரு பகுதியின் அடியில் பொருத்தியபோது பயனில்லை. சுரப்பி ஒன்றே, மாறியது அதன் இடம் மட்டுமே.

1953 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1955 இல் பிட்யூட்டரியின் மீதான நரம்புக் கட்டுப்பாடு பற்றிய நூலை வெளியிட்டார். 1962 முதல் ஆக்ஸ்போர்டில் உடற்கூற்றியல் பேராசிரியராகப் பணியாற்றினார்.

மறைவுக்குப் பின்

ஹாரிஸ் தேடிய வேதிப்பொருள்களுள் ஒன்றான, 10 அமினோ அமிலங்களாலான ஜி.என்.ஆர்.எச். இயக்குநீரின் அமைப்பு, அவர் இறந்த 1971 ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. ஹைப்போதலாமசின் இயக்குநீர்களைக் கண்டறிந்தமைக்காக ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கில்லெமின் ஆகியோர் 1977 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மறைந்தோருக்கு அப்பரிசு வழங்கப்படுவதில்லை.

ஜி.என்.ஆர்.எச். பிட்யூட்டரி உயிரணுக்களின் ஏற்பிகளுடன் பிணைந்து அவற்றைத் தூண்டுகின்றது. அது மூளையிலிருந்து வெளியாவதற்குக் கிஸ்பெப்டின் என்னும் பொருளின் ஏற்பி இன்றியமையாதது என்பது 2003 க்குப் பின் தெளிவாகியது. அவ்வேற்பி செயலிழந்த மனிதரும் எலிகளும் இயல்பாகப் பருவமடைவதில்லை.